வெட்சி வழியும் தும்பை வழியும்: இரண்டாம் மைசூர்ப் போரில் படைத்தலைவர்களின் போர்த்திட்டம்

முன்னுரை

போர் என்றவுடன் நம் நினைவிற்கு வருவன களமும் களிறும் வாளும் வேலுமே ஆகும். ஆயினும் களத்தில் முதல் வாள் உயர்வதற்கு நெடுநாள் முன்னரே போரின் போக்குப் பெரும்பாலும் உறுதியாகிவிடுகின்றது. எவ்விடத்தில் பொருவது, எப்பொழுது பொருவது, நேர்நின்று பொருவதா அன்றிப் பொராமலே பகைவனை நலியச் செய்வதா, எதனை விட்டுக்கொடுப்பது, எதனை விடவே கூடாது என்னும் வினாக்களுக்குப் படைத்தலைவன் காணும் விடையே போர்த்திட்டம் எனப்படும். அவ்விடையை அவன் எவ்வாறு தேர்ந்துகொள்கின்றான் என்பதைத் தமிழக மண்ணிலேயே நடந்த ஒரு போரைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு எடுத்துக்கொள்ளப்பெறும் போர், 1780ஆம் ஆண்டு முதல் 1784ஆம் ஆண்டு வரை மைசூர் அரசுக்கும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார்க்கும் இடையே நிகழ்ந்த இரண்டாம் மைசூர்ப் போராகும். அதனுள்ளும் ஹைதர் அலியும் அயர் கூட்டும் எதிரெதிர் நின்ற முதலிரண்டு ஆண்டுகளே இங்குச் சிறப்பாக நோக்கப்பெறுகின்றன. காஞ்சிபுரம், ஆர்க்காடு, வந்தவாசி, கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை என நாம் நாளும் கேட்கும் ஊர்களே அப்போரின் களங்கள். ஆதலின் இம்மண்ணில் பிறந்த புறத்திணை இலக்கணத்தையும் திருக்குறட் பொருட்பாலையும் அளவுகோலாகக் கொள்வது பொருத்தமுடையதாகும்.

புறத்திணை காட்டும் நான்கு வழிகள்

தொல்காப்பியர் புறத்திணைகளை ஏழாக வகுத்தார். அவற்றுள் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை ஆகிய நான்கும் போர்ச்செயலை நேரே குறிப்பன. பகைவரின் ஆநிரையைக் கவர்தல் வெட்சி. மண்ணாசை காரணமாகப் பகைவர் நாட்டின்மேற் படையெடுத்துச் செல்லுதல் வஞ்சி. மதிலை முற்றுதலும் காத்தலும் உழிஞை. தத்தம் வலிமையை நிலைநாட்ட வேண்டி இருபடையும் ஒரு களத்தில் நேர்நின்று பொருதல் தும்பை. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை நிரைமீட்டலைக் கரந்தை எனவும் மதில்காத்தலை நொச்சி எனவும் தனித் திணைகளாக்கிப் பன்னிரு திணைகளாக விரித்துரைத்தது.

இத்திணைகளை ஒரு போரில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் படிநிலைகளாகவே நாம் வகுப்பறையில் பயின்றும் பயிற்றியும் வருகின்றோம். வேறொரு வகையாகவும் இவற்றை நோக்க இடமுண்டு. வெட்சி பகைவனுடைய பொருளைத் தாக்குகின்றது. வஞ்சி அவனுடைய நிலத்தைத் தாக்குகின்றது. உழிஞை அவனுடைய அரணைத் தாக்குகின்றது. தும்பை அவனுடைய படையைத் தாக்குகின்றது. பகைவனை எங்கே தாக்குவது என்னும் வினாவுக்கு உரிய நான்கு விடைகளாகவும் இவை அமைகின்றன. புறத்திணையியல் செய்யுள் இலக்கணமேயன்றிப் படைநூல் அன்று என்பது உண்மையே. எனினும் போரை அணுகிக் கண்ட ஒரு சமுதாயத்தின் பட்டறிவு அதனுள் பொதிந்து கிடக்கின்றது. வஞ்சித்திணையின் துறைகளுள் பகைவர் நாட்டை எரியூட்டும் எரிபரந்தெடுத்தலும், வேந்தன் தன் படைக்குச் சோறளிக்கும் பெருஞ்சோற்றுநிலையும் ஒருங்கே இடம்பெற்றிருத்தல் கருதத்தக்கது. பகைவனின் உணவை அழித்தலும் தன் படையின் உணவைப் பேணலும் படைச்செலவின் இருமுகங்கள் என்பதை அவ்விலக்கணம் அறிந்திருந்தது.

வள்ளுவரோ தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். மேற்கொள்ளும் செயலின் வலிமை, தன் வலிமை, பகைவனின் வலிமை, இருபுறமும் துணையாவாரின் வலிமை ஆகிய நான்கினையும் சீர்தூக்கவேண்டும் என்பது அவர் கருத்து. இந்நான்கையும் மனத்திற் கொண்டு களத்தினை நோக்குவோம்.

ஹைதர் காலம் அறிந்தமை

1769ஆம் ஆண்டில், முதல் மைசூர்ப் போரின் இறுதியில், ஹைதர் அலி ஏறத்தாழ ஆறாயிரம் குதிரை வீரருடன் விரைந்து வந்து பரங்கிமலையருகே தோன்றி, கும்பினியாரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவவேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் கருத்து. பின்னர் மராத்தியர் மைசூர்மீது படையெடுத்தபோது கும்பினியார் உதவவில்லை. 1779ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மாஹியை அவர்கள் கைப்பற்றினர். பிரெஞ்சுக்காரர்க்குரிய அத்துறைமுகம் ஹைதருக்குப் போர்க்கருவிகள் வந்திறங்கும் வாயிலாகவும், அவருடைய பாதுகாப்புக்கு உட்பட்டதாகவும் இருந்தது. பகை முற்றியது.

1780ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் கருநாடகப் பகுதிக்குள் புகுந்தார். அப்பொழுது கும்பினியார் மராத்தியரோடு பொருதுகொண்டிருந்தனர். இங்கிலாந்தோ அமெரிக்கக் குடியேற்றங்களோடும் பிரான்சோடும் போரில் ஈடுபட்டிருந்தது. நிஜாமும் மராத்தியரும் கும்பினிக்கு எதிராக ஹைதரோடு உடன்பட்டிருந்தனர். சென்னையின் ஆட்சிக்குழுவினரோ போர் வரும் என்பதையே நம்பாது காலம் கழித்தனர். காலமறிதலில் ஹைதர் பிழை செய்தாரல்லர்.

நிரையும் நெல்லும்

எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் என ஆங்கிலேயர் மதிப்பிட்ட அப்பெரும்படை, செங்கம் கணவாய் வழியாகச் சமவெளியில் இறங்கியது. அதன் தனிச்சிறப்பு எண்ணிக்கையில் மட்டும் இல்லை, விரைவில் இருந்தது. பல்லாயிரம் குதிரை வீரரும், பீரங்கி இழுப்பதற்கென்றே பேணி வளர்க்கப்பெற்ற மைசூர் எருதுகளும் அவ்விரைவுக்குக் காரணமாயின. பின்னாளில் அமிர்த மஹால் எனப் பெயர்பெற்ற அம்மாட்டினத்தைப் பற்றி எழுதியோர், அவற்றின் துணையால் ஹைதர் சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் நூறு மைல் கடந்தார் என்று குறிப்பிடுகின்றனர்.

கும்பினிப் படையின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் காலாட்படை ஒழுங்கும் பயிற்சியும் மிக்கது. வரிசை குலையாது சுடுவதில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் குதிரைப்படை என்று சொல்லத்தக்கது அதனிடம் இல்லை. பீரங்கியையும் வெடிமருந்தையும் அரிசி மூட்டைகளையும் சுமக்கப் பொதிமாடுகள் வேண்டும். அம்மாடுகள் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தே வரவேண்டும். மாடு இல்லையேல் படை ஓரடியும் நகராது.

ஹைதரின் திட்டம் இவ்வேற்றுமையிலிருந்தே பிறந்தது. பயின்ற காலாட்படையை அதற்கு உகந்த களத்தில் எதிர்ப்பதைவிட, அதன் உணவையும் ஊர்தியையும் அற்றுப்போகச் செய்வதே நன்று என அவர் கருதினார். எனவே சென்னையையும் வேலூரையும் சூழ்ந்த நிலப்பகுதிகளைப் பாழாக்கினார். கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன; தானியம் அழிக்கப்பட்டது; ஊர்கள் எரியுண்டன. அதே வேளையில் ஆர்க்காட்டைத் தம் நடுவிடமாக்கிக்கொள்ள அதனை முற்றுகையிட்டார். புறத்திணை வழக்கிற் கூறின், அவர் தும்பையை விலக்கி வெட்சியையும் வஞ்சியையும் தேர்ந்துகொண்டார் எனலாம். வெட்சி பழங்காலச் சிறுபூசல் என்று கருதுவோர்க்கு இச்செய்தி ஒரு விடையாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் பீரங்கிப் போரிலும் நிரை கவர்தலே முதல் அடியாக அமைந்தது.

புள்ளலூரில் நிகழ்ந்தது

இத்திட்டத்தின் வலிமை 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் புலப்பட்டது. குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த பெய்லியின் படையும், சென்னையிலிருந்து புறப்பட்ட ஹெக்டர் மன்ரோவின் படையும் காஞ்சிபுரத்தில் ஒன்றுசேர்தல் வேண்டும் என்பது ஆங்கிலேயர் எண்ணம். பெய்லி ஆகஸ்டு மாத இறுதியில் கொற்றலையாற்றின் வடகரையை அடைந்தார். ஆற்றில் நீர் குறைந்திருந்த அன்றே கடவாமல் தங்கினார். இரவில் வெள்ளம் பெருகிற்று. பல நாள்கள் அக்கரையிலேயே தேங்கிக் கிடக்க நேர்ந்தது.

ஹைதர் ஆர்க்காட்டு முற்றுகையை விட்டெழுந்தார். தம் மைந்தர் திப்புவைப் பெய்லியின்மேல் ஏவிவிட்டுத் தாம் மன்ரோவை நோக்கி நின்றார். செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தருகே திப்பு பெய்லியைத் தடுத்து நிறுத்தினார். இருபடைக்கும் இடையே எஞ்சியது ஒருநாள் நடைக்கும் குறைவான தொலைவே. மன்ரோ முழுப்படையுடன் முன்சென்றிருப்பின் பெய்லியை மீட்டிருக்கலாம். காஞ்சிபுரத்தில் சேர்த்து வைத்திருந்த அரிசியையும் படைப்பொருள்களையும் விட்டுச்செல்ல அவர் துணியவில்லை. ஓராயிரம் பேரை மட்டும் உதவிக்கு அனுப்பினார்.

பொள்ளிலூர் என வரலாற்று நூல்கள் வழங்கும் புள்ளலூரில், பல்லவரும் சாளுக்கியரும் முன்னொரு காலத்துப் பொருத அதே ஊரில், பெய்லியின் படை நாற்புறமும் சூழப்பட்டது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ஏறத்தாழ மூவாயிரத்து எண்ணூறு பேர் கொண்ட படை மாண்டும் சிறைப்பட்டும் அழிந்தது. மன்ரோ தம் பெரும்பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயிற்குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இவ்வெற்றி ஓவியமாகத் தீட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

இங்கு ஒன்று நோக்கற்பாலது. மன்ரோவைக் காஞ்சிபுரத்தில் கட்டிப்போட்டது ஹைதரின் வாள் அன்று, அங்கிருந்த அரிசி. சுற்றுப்புறம் பாழாகிவிட்ட நிலையில் அச்சேமிப்பை இழந்தால் மறுவேளைச் சோற்றுக்கு வழியில்லை என்னும் அச்சமே அவரை நகரவொட்டாமல் தடுத்தது. வெட்சியும் வஞ்சியும் முதலில் வேலை செய்தன. தும்பை அவற்றின் பயனாகவே வந்தது.

சென்னையைத் தாக்காமை

வெற்றி பெற்ற ஹைதர் உடனே சென்னையை நோக்கிச் செல்லாமல் ஆர்க்காட்டுக்குத் திரும்பினார். இதனைப் பெரும்பிழை எனக் கூறும் வரலாற்றாசிரியர் உளர். மன்ரோவின் கலங்கிய படையைத் துரத்தி அழித்திருக்கலாம் என்பதில் உண்மை உண்டு. ஆனால் சென்னைக் கோட்டையைப் பற்றிய முடிவைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

அவருக்கு முன்னோடியான இரு நிகழ்ச்சிகள் இருந்தன. 1746ஆம் ஆண்டில் லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். அவரிடம் கடற்படை இருந்தது. 1758ஆம் ஆண்டு டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டார். 1759ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் கடலில் தோன்றியவுடன் முற்றுகையை விட்டு நீங்கினார். கடல்வாயில் திறந்திருக்கும்வரை புனித ஜார்ஜ் கோட்டையைத் தரைவழியே மட்டும் வீழ்த்துதல் அரிது என்பதற்கு இவை சான்று. முற்றியவன் நாற்புறமும் முற்றினால்தான் உழிஞை உழிஞையாகும். ஒருபுறம் கடலாகவும், அக்கடல் பகைவனுடையதாகவும் இருந்தால் உள்ளிருப்பவன் உண்டு வாழ்வான். வெளியே இருப்பவனே நாளடைவில் தளர்வான். ஆர்க்காடோ கடலிலிருந்து விலகியது. 1780ஆம் ஆண்டு நவம்பர்த் தொடக்கத்தில் அது ஹைதரின் வசமாயிற்று. தம்மால் முற்ற முடிந்த அரணை அவர் தேர்ந்துகொண்டார்.

கூட்டின் தேர்வு

1780ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்திறங்கினார் சர் அயர் கூட். இருபது ஆண்டுகளுக்கு முன் வந்தவாசியில் லாலியை வென்றவர். இம்மண்ணின் போர்முறையை அறிந்தவர். அப்பொழுது உடல்நலம் குன்றியவர். அவருக்கு வாய்த்த கருவிகள் மிகச் சில. நல்ல காலாட்படை இருந்தது. கடல் இருந்தது. மாடு இல்லை, குதிரை இல்லை, எட்டு மைலுக்கு அப்பால் பகைவன் என்ன செய்கின்றான் என்பதை அறிய ஒற்றும் இல்லை.

இக்குறைகளே அவருடைய திட்டத்தை வரைந்தன. கடற்கரையை விட்டு நெடுந்தொலைவு விலகலாகாது. கப்பல் கொண்டுவரும் அரிசியைக் கொண்டே வாழ்தல் வேண்டும். எவ்வாறேனும் ஹைதரை ஒரே களத்தில் நேர்நின்று பொருமாறு செய்தல் வேண்டும். அவருக்குத் தும்பை ஒன்றே வழி. பரந்த நிலத்தை ஆள அவரிடம் படை இல்லை. ஒருநாட் போரில் வெல்லும் படை மட்டுமே இருந்தது.

1781ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் புறப்பட்டார். செங்கற்பட்டுக்கு உதவினார், கருங்குழியைப் பிடித்தார், வந்தவாசி முற்றுகையை நீக்கினார், பிப்ரவரியில் கடலூரை அடைந்தார். அங்கே அவர் எதிர்பாராத இடர் தோன்றியது. தோர்வ் என்பார் தலைமையில் பிரெஞ்சுக் கடற்படை அக்கரையோரம் வந்து நின்றது. தரையில் ஹைதர், கடலில் பிரெஞ்சுக்காரர். கூட்டிடம் இருந்த உணவோ மிகச் சிறிது. சில நாள்கள் அக்கப்பல்கள் அங்கேயே நின்றிருப்பின் கும்பினியின் தென்னகப் படை பசியாலேயே பணிந்திருக்கக்கூடும். ஹைதர் வேண்டியும் கேளாமல், பிப்ரவரி 15ஆம் நாள் தோர்வ் பாய்விரித்துச் சென்றுவிட்டார்.

வள்ளுவர் துணைவலியை ஏன் தனியே எண்ணிப்பார்க்கச் சொன்னார் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. தன்வலியையும் மாற்றான் வலியையும் ஹைதர் செம்மையாக அளந்தார். துணைவலியை அளக்கலாமேயன்றி ஆள முடியாது. துணைவன் தன் நலத்தையே எண்ணித் தன் கணக்கைப் போடுவான்.

பரங்கிப்பேட்டைக் களம்

கூட் நான்கு மாதங்கள் கடலூரிலேயே தங்க நேர்ந்தது. ஜூன் 18ஆம் நாள் சிதம்பரம் கோயிலரணைத் தாக்கித் தோல்வியுற்றார். ஹைதரின் படையினர் அக்கோயிலை அரணாக்கித் தானியம் சேர்த்து வைத்திருந்தனர் என்பது இங்குக் குறிக்கத்தக்கது. அத்தோல்வியைக் கேட்ட ஹைதர் காவிரிப் பகுதியிலிருந்து விரைந்து வந்து, பரங்கிப்பேட்டையிலிருந்து கடலூருக்குச் செல்லும் வழியை மறித்துக் காப்பரண்களை எழுப்பினார்.

ஓராண்டுக் காலம் தும்பையை விலக்கிவந்த ஹைதர் இப்பொழுது அதனை ஏற்றுக்கொண்டது ஏன்? கூட் அடிபட்டிருந்தார், உணவின்றி இருந்தார், கடலுக்கும் பகைப்படைக்கும் இடையே ஒடுங்கி நின்றார். இந்நிலையில் வழியை அடைத்தாலே போதும், முடிவு கைகூடும் என ஹைதர் எண்ணினார் எனக் கருதலாம். அவ்வெண்ணம் அறிவற்றது அன்று. ஆனால் அவர் தேர்ந்த இடம், கூட்டுக்கு வாய்த்த இருபெருந் துணைகளும் ஒருங்கே பயன்படும் இடமாக அமைந்துவிட்டது.

1781ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், எண்ணாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட படையுடன் கூட் புறப்பட்டார். காப்பரண்களை நேரே தாக்காமல், கடற்கரையை ஒட்டிய மணல்மேடுகளின் மறைவில் வலப்புறமாகத் திரும்பிப் பக்கவாட்டில் நுழைந்தார். மணல்மேட்டைப் பிடித்த அவருடைய இரண்டாம் அணி, ஹைதரின் குதிரைப்படை மீண்டும் மீண்டும் பாய்ந்தும் இடம்பெயரவில்லை. கரையருகே நின்ற ஆங்கிலக் கப்பலும் குண்டு பொழிந்தது. ஹைதரின் மைத்துனரும் படைத்தலைவருமான மீர் சாகிபு உயிர்க்கேடான காயமுற்றார். மாலைக்குள் ஹைதர் களத்தை விட்டு நீங்கினார்.

தொல்காப்பியர் தும்பையை நெய்தலுக்குப் புறனாக்கினார். காடும் மலையும் கழனியும் இல்லாத, மணல் பரந்த வெளியே எதிரெதிர் நின்று பொருதற்கு ஏற்றது என்பது உரையாசிரியர் கூறும் காரணங்களுள் ஒன்று. பரங்கிப்பேட்டை மணல்வெளியில் நின்று பார்ப்போர்க்கு அவ்வுரையின் பொருள் எளிதில் விளங்கும். இடனறிதலில் அன்று கூட் வென்றார், ஹைதர் தவறினார்.

வெற்றிக்கும் ஓர் எல்லை

பரங்கிப்பேட்டை வெற்றியோடு போர் முடிந்ததா எனின் இல்லை. தோற்றோடும் படையைத் துரத்தக் கூட்டிடம் குதிரை இல்லை. தொடர்ந்து செல்ல மாடு இல்லை. ஹைதர் தம் பீரங்கிகளுடன் நீங்கிச் சென்றார். ஆகஸ்டு 27ஆம் நாள் மீண்டும் புள்ளலூரில் பொருதனர். முடிவு தெளிவாக அமையவில்லை. செப்டம்பர் 27ஆம் நாள் சோளிங்கரில் கூட் வென்றார். வென்றும் ஆர்க்காட்டை மீட்க இயலவில்லை. ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் அரிசி தேடித் திரும்புவதே அவர் படையின் வேலையாயிற்று. வேலூர்க் கோட்டைக்கு உணவு கொண்டுசேர்ப்பதே ஒரு படையெடுப்பாக மாறியது.

மறுபுறம், 1782ஆம் ஆண்டு பிப்ரவரியில் கொள்ளிடக் கரையருகே திப்பு, பிரைத்வெயிட்டின் படையைச் சூழ்ந்து முழுவதுமாகச் சிறைபிடித்தார். அதனாலும் போர் முடியவில்லை. அதே ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஆரணியில் மற்றுமொரு போர் நடந்தது. ஆரணி ஹைதரின் பொருட்கிடங்கு. தும்பையால் மட்டும் பயனில்லை என்று கண்ட கூட், பகைவனின் சேமிப்பைத் தாக்க முயன்றார். தாமும் வெட்சி வழிக்கு வந்தார். பலன் கிட்டவில்லை.

இருவரும் தம் வலியைச் சரியாகவே கணித்திருந்தனர். அதனாலேயே ஒருவரை ஒருவர் வெல்ல முடியாத நிலை உருவாயிற்று. நிலத்தின் வளத்தை வெறுமையாக்க முடிந்ததேயன்றிக் கடல் தம் கைக்கு எட்டவில்லை என்று ஹைதர் இறுதிக் காலத்தில் வருந்தியதாக வில்க்ஸ் தம் மைசூர் வரலாற்றில் எழுதுகின்றார். அவ்வாறே, களத்தை வெல்ல முடிந்ததேயன்றி நாட்டை ஆள முடியவில்லை என்று கூட்டும் வருந்தியிருக்கலாம். ஹைதர் 1782ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சித்தூரை அடுத்த பாசறையில் மறைந்தார். கூட் 1783ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னையில் இறந்தார். 1784ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கையின்படி, இருதரப்பினரும் கைப்பற்றிய இடங்களைத் திருப்பிக் கொடுத்தனர்.

கணக்கில் வாராதோர்

திருப்பிக் கொடுக்க முடியாதவையும் இருந்தன. உழவனின் எருது போருக்குப் போயிற்று, விதைநெல் எரியுண்டது. ஒருபடை தானியத்தை அழித்தது. மறுபடை எஞ்சியதைத் தேடித் திரிந்தது. சிற்றூர் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்னைக்கு ஓடிவந்தனர். நகரமோ கடல்வழி வரும் அரிசியையே நம்பியிருந்தது. 1782ஆம் ஆண்டு அக்டோபரில் வீசிய பெரும்புயலில் சென்னைத் துறையில் நின்ற அரிசிக் கப்பல்கள் சிதைந்தன. பஞ்சம் கொடிதாயிற்று. அக்காலத்துப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்கத் தோன்றியதே மணியக்காரர் சத்திரம். அதன் வழிவந்த ஸ்டான்லி மருத்துவமனையைச் சென்னை மக்கள் நெடுங்காலம் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்து வந்தனர். அப்போரின் நினைவு அரண்மனைச் சுவரோவியத்தில் ஒருவகையாகவும், மக்கள் நாவில் மற்றொரு வகையாகவும் தங்கிற்று.

1785ஆம் ஆண்டில் எட்மண்டு பர்க் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்கள் குறித்துப் பேசியபோது இவ்வழிவை விரித்துரைத்தார். அவர் உரை புகழ்பெற்றது. அதன் முதல் நோக்கம் நவாபுக்குக் கடன் கொடுத்த கும்பினி ஊழியரையும் அவர்க்குத் துணைநின்றோரையும் சாடுவதாகும். அப்போரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகளுள் பெரும்பாலன ஆங்கிலேயர் எழுதியவை. பாரசீக மொழியில் கிர்மானி எழுதிய வரலாறு மைசூர்ப் பக்கத்தை உரைக்கின்றது. மாட்டை இழந்த உழவன் எழுதிவைத்த வரலாறு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

நம் புலவர்கள் இவ்வகையில் விழிப்புடையவர்களாக இருந்தனர். கரிகாலனைப் பாடிய கருங்குழல் ஆதனார், அவன் எரியூட்டிய ஊர்களின் வெளிச்சத்தைக் கூறியதோடு அமையாமல், அங்கெழுந்த அழுகுரலையும் சேர்த்தே பாடினார். நெட்டிமையார் பாடிய முதுகுடுமிப் பெருவழுதியோ, அம்பு விடுமுன் ஆக்களும் பெண்டிரும் பிணியுடையோரும் அரண் சேர்க எனப் பறைசாற்றியவனாகப் போற்றப்பெறுகின்றான். அழிவைத் தவிர்க்க முடியாத போரிலும் ஒதுக்கிக் காக்கவேண்டியோர் உளர் என்பதும் போரறத்தின் ஒரு கூறு என அவர்கள் கருதினர்.

நிறைவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. படைத்தலைவன் தன் விருப்பப்படி போர்த்திட்டத்தைத் தெரிவு செய்வதில்லை. தன்னிடம் இல்லாதது எது, பகைவனால் விட்டுவிட முடியாதது எது என்னும் இரு வினாக்களே அவன் திட்டத்தை வரையறுக்கின்றன. குதிரையும் எருதும் மிக்க ஹைதர் வெட்சி, வஞ்சி வழிகளையும், அவை இல்லாத கூட் தும்பை வழியையும் மேற்கொண்டமைக்கு இதுவே காரணம். தன் வழியிலேயே நின்றபோது ஒவ்வொருவரும் வென்றனர். பகைவனுக்கு உகந்த இடத்திற்குச் சென்றபோது தோற்றனர். இருவரின் கணக்கும் சரியாக இருந்தபோது போர் நீண்டது.

இக்கணக்கினை மாணவர்கள் பயிலும்போது அதன் மறுபக்கத்தையும் பயிலுதல் வேண்டும். வலியும் காலமும் இடனும் அறிந்தவன் திறமுடைய தலைவன் ஆவான். தன் திட்டத்தின் விலையைக் களத்தில் இல்லாத எவர் கொடுக்கின்றனர் என்பதையும் அறிந்தவனே சிறந்த தலைவன் ஆவான். வெட்சி முதல் தும்பை வரை போர்வழிகளை வகுத்த தமிழ் இலக்கணம், நிலையாமையை உணர்த்தும் காஞ்சியையும் அவற்றோடு ஒரு திணையாகச் சேர்த்தே வைத்தது. அவ்வைப்புமுறையின் பொருளை, கஞ்சித்தொட்டியில் வரிசையாக நின்றோரை நினைத்துப் பார்த்தால் நாம் உணரலாம்.